ஆக்டினைடுகளின் எலக்ட்ரான் அமைப்பை எழுதும் முறை

எஸ், பி, டி, எஃப் துணைக்கூடுகள் முறையே 2, 6, 10, 14 எலக்ட்ரான்களை ஏற்கும் என்பதும், ஹுண்ட் விதியும் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில், ஆக்டினைடின் (அணு எண் 89 முதல் 103 வரையிலான தனிமம்) அணு எண்ணிலிருந்து, அதற்கு முந்தைய மந்த வாயுவான ரேடானின் 86-ஐக் கழியுங்கள். யுரேனியத்துக்கு 92 − 86 = 6. அடுத்து, அந்த ஆறில் இரண்டை 7எஸ்-இல் வைத்துவிடுங்கள். மீதி நான்கு.

மூன்றாம் படியில்தான் நான் சறுக்கினேன். ஆற்றல் குறைந்த துணைக்கூட்டிலிருந்து வரிசையாக நிரப்பச் சொல்லும் ஆஃபா தத்துவத்தை அப்படியே நம்பி, அந்த நான்கையும் 5எஃப்-இல் நிரப்பி, [ரேடான்] 5எஃப்⁴ 7எஸ்² என்று நெடுநாள் எழுதி வந்தேன். சரியான விடை [ரேடான்] 5எஃப்³ 6டி¹ 7எஸ்² ஆகும். இரண்டு அமைப்புகளிலுமே இணையாகாத எலக்ட்ரான்கள் நான்குதான் என்பதாலும், யுரேனியம் 4+ அயனிக்கு இரண்டிலிருந்துமே 5எஃப்² கிடைத்துவிடுவதாலும், பிழை கண்ணில் படவே இல்லை. கியூரியத்தில் அகப்பட்டுக்கொண்டேன். என் கணக்குப்படி 5எஃப்⁸. 5எஃப்-இன் ஏழு ஆர்பிட்டால்களைக் குறிக்கும் ஏழு கட்டங்களில் எட்டு எலக்ட்ரான்களை வைத்தால் ஒரு கட்டம் இணையாகி, தனித்தவை ஆறு மட்டுமே எஞ்சும். உண்மையில் கியூரியம் 5எஃப்⁷ 6டி¹ 7எஸ்², தனித்தவை எட்டு.

தொடரின் தொடக்கத்தில் 5எஃப், 6டி ஆகியவற்றின் ஆற்றல்கள் மிக நெருங்கியிருப்பதும், அணுக்கருவின் மின்சுமை கூடக்கூட 5எஃப் கீழிறங்குவதுமே இதற்குக் காரணம். ஆகவே ஆக்டினியம் 6டி¹, தோரியம் 6டி² என்று எஃப் எலக்ட்ரானே இல்லாமல் தொடங்குகின்றன. புரோட்டாக்டினியம், யுரேனியம், நெப்டியூனியம் மூன்றும் 6டி-இல் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை 5எஃப்-க்குத் தருகின்றன. புளூட்டோனியம் (5எஃப்⁶) முதல் நோபெலியம் (5எஃப்¹⁴) வரை 6டி காலி. சரிபாதி நிரம்பிய 5எஃப்⁷-ஐக் காத்துக்கொள்ளும் கியூரியம் மட்டும் இடையில் விதிவிலக்கு. லாந்தனைடுகளில் கடோலினியம் செய்வதும் இதையேதான்.

அயனிகளுக்கு 7எஸ், 6டி, 5எஃப் என்ற வரிசையில் எலக்ட்ரான்களை நீக்குங்கள். மின்சுமை 3+ அல்லது அதற்கு மேல் என்றால், அணு எண்ணிலிருந்து 86-ஐயும் மின்சுமையையும் கழித்தால் எஃப் எண்ணிக்கை நேராக வந்துவிடும்: புளூட்டோனியம் 3+ எனில் 94 − 86 − 3 = 5, அதாவது 5எஃப்⁵.

கருவி என்று கேட்டால், பென்சிலும் ஏழு கட்டங்கள் வரைந்த தாளும் போதும் என்பேன். அணு எண்ணைக் கொடுத்ததும் விடை தரும் செயலி ஒன்று கிடைத்தால், முதலில் 96 என்று உள்ளிடுங்கள். 5எஃப்⁸ என்று வந்தால் அது ஆஃபா வரிசையை மட்டுமே அறிந்தது என்று கண்டுகொள்ளலாம்.

பின்னர்ச் சேர்த்தது: லாரென்சியத்துக்கு இரண்டு விடைகள் காணப்படுவது ஏன் என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பல பாடநூல்களில் 5எஃப்¹⁴ 6டி¹ 7எஸ்² என்றே இருக்கும். சார்பியல் விளைவால் 7பி ஆர்பிட்டாலின் ஆற்றல் தாழ்வதால், 5எஃப்¹⁴ 7எஸ்² 7பி¹ என்பதே இன்று ஏற்கப்படுகிறது; 2015-இல் வெளியான, ஏறத்தாழ 4.96 எலக்ட்ரான் வோல்ட் என்ற அயனியாக்கும் ஆற்றல் அளவீடும் இதற்கு இசைவாகவே உள்ளது. தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் எதைத் தருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.