ராயபுரத்திலிருந்து குதிரை ரேஸ் பார்க்கப் போவது எப்படி?

எங்கள் பெரியப்பா காலத்தில் இது ரொம்பச் சுலபம். பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் கிண்டி, இறங்கினால் ரேஸ். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து அந்த மைதானத்துக்கு சீல் வைத்தது. இப்போது நமக்குக் கிட்டத்தில் என்றால் பெங்களூருதான்.

படி 1: நாள் பார்ப்பது. அங்கே கோடை ரேஸ், குளிர்கால ரேஸ் என்று இரண்டு சீசன். எல்லா நாளும் ஓட்டம் கிடையாது, பெரும்பாலும் வார இறுதியில் மதியத்துக்கு மேல்தான். தேதியை உறுதி செய்துகொண்டு ரயில் டிக்கெட் போடுங்கள். சென்ட்ரலில் இரவு வண்டி பிடித்தால் காலையில் பெங்களூரு ஸ்டேஷன் பக்கத்து மெஜஸ்டிக்கில் டிபன். அங்கிருந்து ரேஸ் கோர்ஸ் ஆட்டோ தூரம்தான்.

படி 2: ரேஸ் புத்தகம். உள்ளே நுழைந்ததும் இதை வாங்கிவிடுங்கள். குதிரையின் பெயர், வயது, சுமக்கும் எடை, ஜாக்கி (குதிரையை ஓட்டுபவர்), அவர் சட்டையின் நிறம் எல்லாம் இதில் இருக்கும். ஒரு குதிரைக்கு இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். ஒன்று சேணத்துக்கு அடியில் இருக்கும் துணியில் எழுதிய எண், மற்றது எந்தக் கேட்டிலிருந்து புறப்படும் என்பது. முதல் தடவை நான் கேட் எண்ணைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ஒரு குதிரைக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கி, விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

படி 3: பேடாக். என்னைக் கேட்டால் இதற்காகத்தான் போக வேண்டும். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை இங்கே வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். கம்பியோரம் நின்றால் தோலுக்கு அடியில் நரம்பு புடைத்திருப்பது தெரியும், மூச்சுச் சத்தம் கேட்கும். "ஓடுறதுக்கு முன்னாடியே வேர்த்து ஊத்துற குதிரைய விட்டுடுடா" என்பார் பெரியப்பா. அப்புறம் எடை: ஹேண்டிகேப் ஓட்டத்தில், எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு சமமாக இருக்கட்டும் என்று, நல்ல குதிரைக்கு அதிக பாரம். ஜாக்கி எடை குறைவு என்றால் சேணத்தில் ஈயத்தகடு சொருகுவார்கள்.

படி 4: பணம் கட்டுவது. கட்டாயமில்லை. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் திறமை நமக்கு ஒரே மதியத்தில் வந்துவிடாது. ஆசைக்கு டோட் கவுன்டரில் (ரேஸ் கிளப்பே பந்தயப் பணம் வாங்கும் இடம்) 'வின்' அல்லது 'பிளேஸ்' என்று சிறு தொகை கட்டிப் பாருங்கள். முதலில் வந்தால்தான் வின். பிளேஸ் என்றால் இரண்டாவது, மூன்றாவது வந்தாலும் கிடைக்கலாம்.

படி 5: ஓட்டம். முடிவுக் கம்பத்துக்குப் பக்கமாக நில்லுங்கள். 1200 மீட்டர் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி வளைவு திரும்பி வரும்போது முதலில் காதில் விழுவது குளம்புச் சத்தம்தான். தோற்றுவிட்டோம் என்று சீட்டை உடனே கிழித்துவிடாதீர்கள். ஆட்சேபம் எழுந்தால் விசாரணை நடக்கும், வரிசையே மாறலாம். முடிவை அறிவிக்கும்வரை சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.