இணையம் தொடாத கணினியை அமைக்கும் முறை

கடவுச்சொல் கோப்பு, கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் மென்பொருளான ஜிபிஜியின் சாவிகள், வெளியே கசியக் கூடாத ஆவணங்கள் ஆகியவற்றை நான் இணையத்தோடு ஒருபோதும் சேராத தனிக் கணினியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பழைய மடிக்கணினியே போதும். லினக்ஸ் நிறுவத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: திருகுகளைக் கழற்றி வைஃபை அட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். மென்பொருளால் அணைத்ததை இன்னொரு மென்பொருள் இயக்கிவிடக்கூடும் என்பதால், அமைப்புகளில் அணைத்து வைப்பதை நான் ஏற்பதில்லை. பெரும்பாலும் புளூடூத்தும் அதே அட்டையில் இருப்பதால் அதுவும் உடன் போய்விடும். அட்டை மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்ட கணினியை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 2: டெபியன் என்ற லினக்ஸ் வகையின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பை) வேறு கணினியில் இறக்கி, அது மாறாமல் வந்திருக்கிறதா என்று அதன் ஹாஷையும் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) கையொப்பத்தையும் சரிபார்த்து, வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் தெரிவோடு நிறுவுங்கள்.

படி 3: கோப்புகளைக் கொண்டுசெல்லுதல். நான் சறுக்கிய இடம் இதுதான். இணையத்தைத் துண்டித்த நிம்மதியில், ஒரே பென்டிரைவை இரு கணினிகளுக்கும் மாற்றி மாற்றிச் செருகிவந்தேன். நான் உருவாக்காத குறுக்குவழிக் கோப்புகள் ஒருநாள் அதில் தென்பட்டபோதுதான், அறுத்த கம்பியின் வேலையை அந்தப் பென்டிரைவ் செய்துகொண்டிருந்தது புரிந்தது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் (கேடு செய்யும் மென்பொருள்), துண்டிக்கப்பட்ட கணினிகளையும் யுஎஸ்பி வழியாக எட்டும்படி எழுதப்பட்டிருந்தது; அதன் குறுக்குவழிக் கோப்புகள் இருந்த பென்டிரைவை அன்றைய விண்டோஸில் திறந்து பார்த்தாலே தொற்றிக்கொண்டது.

இப்போது உள்ளே போகும் கோப்புகளை ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிடியில் பதிந்து, மேலும் எதுவும் சேர்க்க முடியாதபடி வட்டை மூடிவிடுகிறேன். தீநிரல் ஏதேனும் உள்ளே போய்விட்டாலும், அந்தச் சிடியில் எழுதித் தகவலை வெளியே கடத்த அதனால் முடியாது. வெளியே வரவேண்டியது சிறிய உரை என்றால் க்யூஆர் குறியீடாகத் திரையில் காட்டிக் கைப்பேசியால் படித்துக்கொள்கிறேன். பெரிய கோப்பை மட்டும், குறியாக்கம் செய்த பிறகு, இதற்கென ஒதுக்கிய பென்டிரைவில் எடுக்கிறேன். அது திரும்ப உள்ளே போவதில்லை.

எஸ்டி அட்டையில் எதுவும் எழுதாமல் தடுப்பதற்கான பூட்டு விசையை நம்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, அந்த விசையை மதிப்பதும் மதிக்காததும் கணினியின் பக்கத்து முடிவு.

பின்சேர்க்கை: சாவி எதிர்காலத்தில் உருவாக்கப்பட்டதாக ஜிபிஜி எச்சரிப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். இணையமில்லாததால் நேரம் தானாகச் சரியாகாது. பேட்டரியை மாற்றிவிட்டு, நேரத்தைக் கையால் அமையுங்கள்.