வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுத்தலும் மீட்டலும்

கல்யாணப் படங்களும் காணி உறுதிகளின் ஸ்கேன்களும் ஒரேயொரு வெளி வன்தட்டில் மட்டும் இருக்குமானால், அவற்றுக்குப் பிரதியே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பம்பலப்பிட்டியிலோ வேறெங்கோ இரண்டாவது தட்டு வாங்கும்போது, முதலாவதை விடக் கொள்ளளவு குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். தட்டில் கோப்புகளைப் பதிந்து வைக்கும் முறைகளில், விண்டோஸ் கணினிக்கு என்டிஎஃப்எஸ் (NTFS) அமைப்பு பொருத்தமானது. எஃப்ஏடி32 (FAT32) அமைப்பு 4 ஜிபியோ அதற்கு மேலோ அளவுள்ள வீடியோக்களை ஏற்காது.

விண்டோஸுடன் வரும், கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் பிரதிக் கருவியான ரோபோகொப்பி (Robocopy), முதல் முறை அனைத்தையும், அடுத்தடுத்த முறைகளில் மாறியவற்றை மட்டும் பிரதி செய்வதால் நேரம் மிச்சமாகும். ஆனால் அதன் மிரர் தெரிவைப் பயன்படுத்தும்போது மிகுந்த கவனம் வேண்டும்: மூலத்தில் இல்லாத கோப்புகளை அது இலக்கிலிருந்து அழித்துவிடும் என்பதால், வெறுமையான புதிய தட்டைத் தவறுதலாக மூலமாகக் கொடுத்தால் உங்கள் படங்கள் முழுவதும் போய்விடும். இரு தட்டுகளுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, என்டர் அழுத்துமுன் இன்னொரு முறை வாசியுங்கள்.

தனி அடப்டரில் இயங்கும் 3.5 அங்குலத் தட்டு, மடிக்கணினியுடன் இணைந்திருந்தாலும் மின்வெட்டின்போது உடனே நின்றுவிடும்; கோப்பு எழுதப்படும்போது இது நேர்ந்தால் அந்தக் கோப்பு பழுதடையலாம். மின்வெட்டின்போது சிறிது நேரம் மின்சாரம் தரும் யூபிஎஸ் இருந்தால் அதில் இணைப்பது நல்லது.

பழைய தட்டைச் செருகியதும் ஃபோர்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மீட்கும்போது பிரதித் தட்டிலிருந்து புதிய தட்டொன்றுக்குக் கோப்புகளை நகர்த்தாமல் பிரதி செய்து, எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, சில படங்களைத் திறந்தும் பாருங்கள்.