வீட்டைச் சுற்றித் தேரை பெருகினால் முட்டையைத் தேடுங்கள்

மொரீஷியஸில் மழைக்காலம் வந்ததும் இரவெல்லாம் குறட்டை விடுவதுபோல் கத்துகிறதே, அந்தத் தேரை இந்த மண்ணைச் சேர்ந்ததல்ல. கரும்பு வண்டுகளைத் தின்னட்டும் என்று 1922-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள், இப்போது தீவு முழுக்கப் பரவி, இங்கு மட்டுமே வாழும் நத்தைகளையும் பூச்சிகளையும் தின்று தீர்க்கிறது.

ஒவ்வொன்றாகத் துரத்திப் பிரயோசனமில்லை. தோட்டத்துத் தொட்டி, தேங்கிய கால்வாய், அல்லிக்குளம் இவற்றின் ஓரத்தைக் காலையில் உற்றுப் பாருங்கள். வழுவழுவென்று நீளமான சரம், உள்ளே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், செடித்தண்டில் சுற்றிக் கிடக்கும். அதுதான் முட்டை. ஒரு பெண் தேரை ஆயிரக்கணக்கில் இடும், சில நாளிலேயே பொரிந்துவிடும், அதனால் பார்த்த அன்றே குச்சியில் சுருட்டி எடுத்துத் தண்ணீருக்கு எட்டாத இடத்தில் வெயிலில் போட்டுவிடுங்கள். மொரீஷியஸுக்குச் சொந்தமான தவளை, தேரை எதுவுமே கிடையாது, வேறு நல்ல இனத்தின் முட்டையை அழித்துவிடுவோமோ என்று தயங்க வேண்டாம்.

வாசல் விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள், பூச்சி குறைந்தால் தேரையும் குறையும். உப்பு மட்டும் தூவாதீர்கள், அது சித்திரவதை. பிடித்ததைக் காட்டுப்பக்கம் கொண்டுபோய் விடவும் கூடாது.

அப்புறம், நாய் வளர்ப்பவர்கள் கவனம்: தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் விஷம் இருக்கிறது. நாய் கவ்விவிட்டு எச்சில் ஒழுக நின்றால், தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் வாயைக் கழுவிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.