ரோமானிய நகரக் காசுகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமானிய நாணயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம் கிடைத்த வெள்ளி தினாரியஸ். இல்லாவிட்டால், 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் அகப்பட்ட 501 பொற்காசுகள். இவை பேரரசின் பெயரால் அடித்தவை, லத்தீனில் பேசுபவை. இதே பழக்கத்தில், இன்றைய துருக்கியில் இருந்த எபேசுவிலோ சிமிர்னாவிலோ புழங்கிய ஒரு வெண்கலக் காசைப் படிக்கப் போனால் தடுமாற்றம்தான் மிஞ்சும். அது ஊர்க்காசு. ரோமானிய ஆட்சியில் 500-க்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படித் தங்கள் பெயரில் காசு வெளியிட்டன. மேற்கே, ஸ்பெயினிலும் கால் நாட்டிலும் (இன்றைய பிரான்ஸ் பக்கம்), கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த வழக்கம் நின்றுவிட்டது. கிழக்கே மூன்றாம் நூற்றாண்டு வரை ஓடியது.

முதல் தவறு, முன்பக்கத்தில் பேரரசரின் தலை இருக்கிறது என்பதற்காகக் காசையே அவர் கணக்கில் எழுதிவிடுவது. திருப்பிப் பாருங்கள். 'எபேசியோன்' என்று இருக்கும். அது ஊரின் பெயர் இல்லை, 'எபேசியர்களுடைய' என்ற வேற்றுமைச் சொல். காசு யாருடையது என்று அதுவே சொல்லிவிடுகிறது. பல காசுகளில் அந்த ஆண்டு பதவியில் இருந்த உள்ளூர்ப் பெரியவரின் பெயரும் உண்டு. ஹேட்ரியன் காலத்தில் சிமிர்னாவில் வந்த ஒரு காசில், பேரரசரின் பிரியத்துக்குரிய அந்தினூஸின் உருவம் ஒரு பக்கம். மறுபக்கம், 'பொலெமோன் சிமிர்னா மக்களுக்கு அளித்தது' என்ற பொருளில் வாசகம். நம் கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயர் இருக்குமே, கிட்டத்தட்ட அதே மனசுதான். பொலெமோன் பெயர்பெற்ற பேச்சாளர், பெரும் பணக்காரர். செலவும் அநேகமாக அவருடையதாகவே இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பேரரசர் தலை இல்லாத காசைப் பார்த்ததும் 'ஆகா, சுதந்திர நகரம், ரோமை எதிர்த்திருக்கிறார்கள்' என்று துள்ளுவது. ஏதென்ஸ் தன் காசில் பேரரசரை வைக்கவே இல்லை, கியோஸ் தீவும் அப்படித்தான். அதனால் அவை கலகக்கார ஊர்கள் ஆகிவிடாது. ஒரே ஊர், ஒரே காலத்தில், பெரிய காசில் பேரரசரையும் சின்னக் காசில் ஊர்ச் சபையின் உருவத்தையும் போட்டிருப்பதைச் சிற்றாசியாவில் சாதாரணமாகப் பார்க்கலாம். மீசை தாடி இல்லாத இளைஞனின் தலையைப் பார்த்து அப்போலோ தெய்வம் என்று முடிவு கட்டுவதற்கு முன் சுற்றியுள்ள எழுத்தைப் படித்துவிடுங்கள். 'புனித செனட்' என்று இருந்தால் அந்த இளைஞன்தான் ரோமாபுரியின் செனட் சபை. நரைத்த கிழவர்கள் கூடும் அவைக்கு இப்படி ஒரு முகம் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எழுத்தில் வரும் எண்களிடம் ரொம்ப கவனம் வேண்டும். கிரேக்கத்தில் தனி எண் குறிகள் கிடையாது, எழுத்துகளே எண்கள். ஆரம்பத்தில் எபேசுக் காசு ஒன்றில் மூன்றாம் எழுத்தான 'காமா'வைக் கண்டு, மூன்றாம் ஆட்சியாண்டு என்று நோட்டில் எழுதிவைத்தேன். ஆண்டே இல்லை அது. 'மும்முறை நெயோகோரோஸ்' என்ற பட்டத்தின் எண். பேரரசர் வழிபாட்டுக்கான கோயிலைக் காக்கும் ஊர் என்ற கௌரவம் அது. ரோமாபுரி அனுமதித்தால்தான் போட்டுக்கொள்ள முடியும். பேரரசர் எலகபாலஸ் காலத்தில் எபேசுவுக்கு நான்காவது முறையும் கிடைத்தது, காசில் பெருமையாக நான்கு என்று போட்டார்கள். 222-ல் அவர் கொல்லப்பட்டதும் எண் மறுபடி மூன்றுக்கு இறங்கியது. எபேசு 'ஆசியாவில் முதல்வர்' என்று காசில் போட்டுக்கொண்டால், சிமிர்னா 'அழகிலும் அளவிலும் ஆசியாவில் முதல்வர்' என்று பதில் சொல்லும். சரி, அப்படியென்றால் இரண்டு ஊரும் கைகுலுக்கும் 'ஒற்றுமை'க் காசுகள் ஏன் வந்தன? அவற்றைப் பார்த்து ஊர்கள் பாசமாக இருந்தன என்று நினைப்பதும் தவறுதான். சண்டை இருக்கும் இடத்தில்தானே சமாதானத்தை இவ்வளவு விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது.

உண்மையிலேயே ஆண்டாக இருக்கும் எண்ணும் காலை வாரும். அன்றைய சிரியாவின் அந்தியோகியாவில் பேரரசர் நீரோவின் வெள்ளிக்காசு ஒன்றில் இரண்டு எண்கள்: 8, 110. எட்டு நீரோவின் ஆட்சியாண்டு. நூற்றுப்பத்து, ஜூலியஸ் சீசரை முன்னிட்டு கி.மு. 49-ல் அந்த ஊர் தொடங்கிய சொந்தச் சகாப்தம். இரண்டையும் கணக்குப் போட்டால் ஒரே இடத்தில், கி.பி. 61-62-ல், வந்து நிற்கும். இப்படி இரண்டும் சேர்ந்து வருவது அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதுவும் எந்தச் சகாப்தம் என்று சொல்லாமல். பாலஸ்தீனத்துக் காசா ஊரின் ஆண்டு வேறு, கதாரா ஊரின் ஆண்டு வேறு. கொல்லம் ஆண்டையும் சக ஆண்டையும் குழப்பிக்கொண்ட கல்வெட்டு வாசகர்களுக்கு இந்த வலி தெரியும்.

அப்புறம் படங்கள். எபேசுவின் ஆர்ட்டெமிஸ் கோயில் சில காசுகளில் நான்கு தூண்களோடு நிற்கும், சிலவற்றில் எட்டு. இடிந்து கட்டியதாகக் கதை பண்ண வேண்டாம். விரல் நுனி அளவு இடத்தில் நடுவே தேவியின் சிலை தெரிய வேண்டும் என்பதற்காக அச்சு வெட்டியவர் தூண்களைக் குறைத்துவிட்டார். அவ்வளவுதான். ஏர் பூட்டிய மாடுகள் தெரிந்தால் அது விவசாயப் பெருமை என்று நமக்குத் தோன்றும். ரோமானியக் குடியேற்ற ஊர்களில் அதற்கு வேறு பொருள்: புது ஊரின் மதில் எல்லையை உழவுச்சாலாகக் கீறும் சடங்கு. எருசலேம் இருந்த இடத்தில் ஹேட்ரியன் எழுப்பிய ஏலியா காபிடோலினாவின் காசில் இந்த ஏர்தான் இருக்கிறது. அந்தக் காசை யூதர் ஒருவர் கையில் வாங்கியிருந்தால் அதில் உழவைப் பார்த்திருக்க மாட்டார்.

பிரிகியாவில் அபமேயா என்று ஓர் ஊர். இன்று துருக்கியில் தினார் என்று பெயர், நாணயக்காரர்களுக்காகவே வைத்ததுபோல. பேரரசர் செப்திமியஸ் செவெரஸ் காலம் தொடங்கி அங்கே வந்த ஒரு காசை உற்றுப் பாருங்கள். திறந்த பெட்டி ஒன்றில் ஆணும் பெண்ணும் இடுப்பளவு தெரிகிறார்கள். பெட்டி மீது ஒரு பறவை, கிளையோடு பறந்துவரும் இன்னொரு பறவை. இடப்பக்கம் அதே ஆணும் பெண்ணும் வெளியே நின்று கை உயர்த்துகிறார்கள். பெட்டியில் மூன்றே கிரேக்க எழுத்து: 'நோவே'. ஆம், நோவாதான். இதை வைத்துப் பேழை தங்கிய மலை இங்கேதான் என்று வாதிடுபவர்கள் உண்டு, ஊரே கிறிஸ்தவமாக இருந்தது என்பவர்களும் உண்டு. அந்த ஊருக்குப் பட்டப்பெயர் 'கிபோதோஸ்', அதாவது பெட்டி. கிரேக்க வேதத்தில் பேழைக்கும் அதே சொல். பெயரில் ஒரு பெட்டி, அங்கே வாழ்ந்த யூதர்கள் சொன்ன கதையில் ஒரு பெட்டி. இரண்டையும் ஊர் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதே ஊர் மற்றக் காசுகளில் கிரேக்கப் புராணத்தில் குழலூதும் மார்சியாஸையும் தயக்கமில்லாமல் போட்டிருக்கிறது.

ஊருக்கு ஒரு தங்கசாலை இருந்தது என்று எண்ணுவதும் தவறு. பேரரசரின் தலை கொண்ட ஒரே முன்பக்க அச்சு, பல ஊர்களின் காசுகளில் தென்படுகிறது. பட்டறைகள் பல ஊர்களுக்கு வேலை செய்திருக்கின்றன. ஆகவே முகத்தின் பாணியை மட்டும் வைத்து ஊரைச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சை படிந்த மேல்பூச்சு போனால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். தேய்ந்த இடம் எல்லாம் தேய்மானமும் இல்லை. ஸ்பெயினின் பில்பிலிஸ் ஊர், கி.பி. 31-ல் பேரரசர் திபேரியஸின் வலதுகையான செயானஸ், கான்சல் என்ற உயர்பதவியில் இருந்ததைக் காசில் பொறித்தது. அவன் அதே ஆண்டு வீழ்ந்து கொல்லப்பட, சில காசுகளில் அவன் பெயரை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். சிற்றாசியாவின் ஸ்ட்ராட்டோனிக்கேயா ஊரின் பெரிய காசுகளில், பேரரசர்களான அண்ணன் கரகல்லாவும் தம்பி கேட்டாவும் எதிரெதிரே பார்த்தபடி இருந்தார்கள். 211-ல் அண்ணன் தம்பியைக் கொன்றான். இன்று அந்தக் காசுகளில் ஒருபக்கம் கரகல்லாவின் சுருட்டை முடி தெளிவாக இருக்கும். எதிரே வழவழவென்று ஒரு வெற்றிடம்.