உட்கார்ந்த வேகத்தில் பிளைண்ட் போடாதீர்கள்

போக்கர் கேஷ் கேமில் (நிஜப் பணத்துக்கு ஆடும், இடையில் சேரவும் எழவும் முடிகிற ஆட்டம்) புதிதாகச் சேருபவர் முதல் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பணத்தை வீணாக்க முடியும். 1-2 டாலர் மேசையையே எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணம்; அந்த முறை ஒவ்வோர் ஆட்டத்திலும் இடதுபக்கம் நகரும். ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 2 டாலர், ஒன்பது பேர். பல இடங்களில், உடனே ஆட வேண்டுமானால் பிக் பிளைண்ட் அளவு பணத்தைப் போட வேண்டும். இல்லையென்றால், பிக் பிளைண்ட் உங்களிடம் வரும்வரை சும்மா இருக்கலாம்.

பட்டன் (டீலர் இடத்தைக் காட்டும் வட்டு; அதற்கு இடதுபக்கம் அடுத்தடுத்து இருக்கும் இருவரே பிளைண்ட் போடுபவர்கள்) எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் 2 டாலரை முன்னே தள்ளுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிக் பிளைண்டுக்கு இடதுபக்க நாற்காலி உங்களுடையது என்றால், அடுத்த ஆட்டத்தில் பிக் பிளைண்டே நீங்கள்தான். இப்போது 2, அப்புறம் மறுபடியும் 2. அந்த முதல் 2 டாலருக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் எல்லோருக்கும் முன்னால் முடிவெடுக்க வேண்டிய மோசமான இடத்தில். ஓரிரு நிமிடம் பொறுத்தால் போதும்.

பட்டன் இப்போதுதான் உங்களைத் தாண்டிப் போயிருக்கிறது என்றால் கணக்கே வேறு. அதே 2 டாலருக்கு, பிக் பிளைண்ட் வருவதற்குள் ஆறு ஆட்டங்கள் ஆடலாம். முதல் ஆட்டத்தில் உங்களுக்குப் பின்னால் முடிவெடுக்கப்போவது பட்டனும் இரண்டு பிளைண்டுகளும் மட்டுமே. போடுவதென்றால் இங்கே போடுங்கள். பட்டனுக்கும் பிளைண்டுகளுக்கும் நடுவே உட்கார நேர்ந்தால், பட்டன் கடந்து போகட்டும், பிறகு போடலாம்.

போட்ட பணத்தைக் கையாள்வதிலும் தவறு நடக்கிறது. அந்த 2 டாலர் 'லைவ்', உங்கள் 'கால்' (ஆட்டத்தில் தொடர, இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகப் போடும் பணம்) கணக்கில் சேரும். யாரும் ரைஸ் செய்யவில்லை (பந்தயத்தை ஏற்றவில்லை) என்றால் இலவசமாகச் செக் செய்யலாம் (மேலும் பணம் போடாமல் தொடரலாம்), விரும்பினால் ரைஸும் செய்யலாம். இது தெரியாமல் சீட்டை மடக்கிவிடாதீர்கள். ஒருவர் 12 டாலருக்கு ஏற்றிவிட்டால் நிலைமை தலைகீழ். "என் 2 டாலர் உள்ளே கிடக்கிறதே" என்று குப்பைச் சீட்டோடு மேலும் 10 டாலர் கொடுப்பது பெரிய நஷ்டம். போட்டது போட்டதுதான், விட்டுவிடுங்கள்.

எழுந்து போய் இரண்டு பிளைண்டையும் தவறவிட்டவருக்கு விதி இன்னும் கடுமை. உடனே ஆட 3 டாலர் வேண்டும். அதில் 1 டாலர் 'டெட்', நேராகப் 'பாட்'டுக்குள் (நடுவில் சேரும் மொத்தப் பந்தயப் பணம்) போய்விடும், 'கால்' கணக்கில் வராது. பிக் பிளைண்ட் வரும்வரை காத்திருந்தால் அந்த டாலர் மிச்சம். ஆகவே தேநீர் இடைவேளையை உங்கள் பிளைண்டுகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சில கேசினோக்களில் புதியவர் எதுவும் போடாமலே சீட்டு வாங்கலாம். சிப்ஸை அடுக்கும்போதே டீலரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ஆன்லைன் மேசைகளில், பிளைண்டைத் தானாகப் போடும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்று உட்காருமுன் பாருங்கள்.