1.6 எச்.டி.ஐ. டீசல் எஞ்சின்: புதிதாகக் கைவைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பியூஷோ, சித்ரோயன், ஃபோர்டு டீசல் கார் ஒன்றை மலிவாக வாங்கி, நாமே ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனர் எடுக்கும் பையன்கள் வரிசையாக ஒரே குழியில் விழுவதைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நானும் கிடந்த குழிதான் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயில் அளவைப் பாருங்கள், டீசல் டேங்கில் பெட்ரோல் ஊற்றாதீர்கள் என்ற ரகமெல்லாம் இங்கே கிடையாது. அதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

எந்த எஞ்சின் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பியூஷோ, சித்ரோயனின் தாய் நிறுவனமாக இருந்த பி.எஸ்.ஏ.வும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய டிவி6. பிரெஞ்சு கார்களில் எச்.டி.ஐ. என்றும் ஃபோர்டில் டி.டி.சி.ஐ. என்றும் பெயர்ப்பலகை மாறும், உள்ளே இருப்பது ஒன்றுதான். மாஸ்டா 3, வோல்வோவின் சின்ன கார்கள், மினி கூப்பர் டி என்று இன்னும் பல இடங்களில் இதே எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. 1560 சி.சி., 4 சிலிண்டர், போர் 75 மி.மீ., ஸ்ட்ரோக் 88.3 மி.மீ., அலுமினிய பிளாக். 16 வால்வு வகையில் 110 குதிரைத்திறன், 1750 சுற்றிலேயே 240 நியூட்டன் மீட்டர் டார்க், ஓவர்பூஸ்ட்டில் கொஞ்ச நேரத்துக்கு 260. இதில் இருப்பது வேரியபிள் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில், அசையும் வேன்கள் எனும் தகடுகள் கொண்ட வகை). 90 குதிரைத்திறன் வகைக்கு 215 நியூட்டன் மீட்டரும் சாதாரண டர்போவும். 2010 வாக்கில் 8 வால்வாக மாற்றினார்கள். என் புலம்பல் பெரும்பாலும் அதற்கு முந்தைய 16 வால்வைப் பற்றியது. மோசமான எஞ்சின் என்று சொல்லவே மாட்டேன். டீசலைச் சிக்கனமாகக் குடிக்கும், கீழ்ச் சுற்றிலேயே நன்றாக இழுக்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ரொம்ப தூரம் ஓடும். பார்த்துக்கொள்வது எப்படி என்பதில்தான் சிக்கல்.

செத்த டர்போவை மட்டும் மாற்றுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கார் இழுக்கவில்லை, ஆம்புலன்ஸ் மாதிரி ஊளைச் சத்தம், பின்னால் நீலப் புகை. சரி, டர்போ போய்விட்டது. இணையத்தில் ஒன்று வாங்கி, சனிக்கிழமை மாட்டி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்து, அடுத்த மாதம் மறுபடி அதே ஊளை. உடனே "டூப்ளிகேட் டர்போவைத் தலையில் கட்டிவிட்டான்" என்று விற்றவனைத் திட்டுவார்கள். டர்போவில் பெரும்பாலும் குற்றமே இருக்காது. பழையதைக் கொன்றது எதுவோ அது அங்கேயே இருந்து புதியதையும் கொன்றிருக்கும்.

கதை, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் தொடங்குகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. அது சரியாக உட்காரவில்லை என்றால் எரியும் வாயு அந்த இடுக்கு வழியாக மேலே ஏறும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "சஃப் சஃப்" என்று ஒரு சத்தம், ஹீட்டர் போட்டால் காருக்குள் புகை நாற்றம், மேல் மூடியைக் கழற்றினால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கெட்டியான கறுப்புப் படிவம். இந்த வாயுவும் கரியும் ஆயிலிலும் கலக்கும்போது ஆயில் தடித்து, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் கரித்துகள் சேர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். அங்கிருந்து தப்பிப் போன துகள்கள் டர்போவுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பில், அதன் நடுவில் ஓட்டையுள்ள பேஞ்ஜோ போல்ட்டில் இருக்கும் குட்டி வலையில் போய் உட்காரும். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியது, அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும்தான். படலம் மெலிந்தால் பேரிங் என்ன செய்யும்?

தெரிந்த ஒருவர் இரண்டு டர்போ மாற்றிய பிறகு காரை என்னிடம் கொண்டுவந்தார். மாற்றியது அவரல்ல, ஒரு ஒர்க்‌ஷாப். சம்ப்பை இறக்கிப் பார்த்தால் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் தெரியவே இல்லை, கரிக்கட்டி அப்பிக்கிடந்தது. இன்ஜெக்டர் இரண்டைச் சுற்றித் தார். இரண்டு முறை டர்போவைக் கழற்றி மாட்டியவர்கள் ஒருமுறைகூட மேல் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. சரி, வாரண்டியாவது கிடைத்ததா என்று கேட்டேன். புது ஆயில் பைப் வாங்கிய பில்லைக் காட்டச் சொன்னார்களாம். பைப்பே மாற்றாதபோது பில் எங்கிருந்து வரும்? அந்த இரண்டு டர்போவின் பணத்தில் நான் கீழே சொல்லப்போகும் எல்லா வேலையையும் முடித்து மிச்சமும் பிடித்திருக்கலாம்.

ஆக, டர்போ பெட்டியைப் பிரிக்கும் முன்பே இன்ஜெக்டர்களைப் பாருங்கள். கசிவு இருந்தால் கழற்றி, உட்காரும் இடத்தைச் சுத்தமாக்கி, தேவைப்பட்டால் அதற்கான கட்டரால் சமப்படுத்தி, புது செம்பு வாஷர் போடுங்கள். பழைய வாஷரைத் தேய்த்துத் திருப்பிப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அப்புறம் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வலை முழுக்கத் தெரியும்வரை கழுவுங்கள். ஆயில் பைப், அதன் போல்ட்டுகள், வாஷர்கள், திரும்பி வரும் பைப் எல்லாமே புதிது. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் பழைய டர்போ கக்கிய ஆயில் கொட்டும். அதை அப்படியே விட்டால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகம் பிடித்து ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆகிவிட்டால் மேனுவல் காரில் பிரேக்கை முழுக்க மிதித்து, பெரிய கியர் போட்டு, கிளட்சை விட்டு அணைக்கப் பாருங்கள். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

புது ஆயில், புது ஃபில்டர் போட்டதும் செய்யவேண்டிய, யாருமே செய்யாத ஒரு சோதனை இருக்கிறது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப்பைக் கழற்றி, அதில் ஒரு ஹோஸ் மாட்டி, மறுமுனையை ஒரு பாத்திரத்தில் விட்டு, ஐட்லிங்கில் 60 விநாடி ஓடவிடுங்கள். 300 மி.லி.யாவது வரவேண்டும். வரவில்லை என்றால் அடைப்பு இன்னும் எங்கோ இருக்கிறது, வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். வந்தது என்றால் வெளியேறிய அளவை நிரப்பிவிட்டு ஓட்டலாம், ஆனால் கொஞ்ச நாளிலேயே ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் உள்ளே ஒட்டியிருந்த கரி புது ஆயிலில் கரைந்து வந்துகொண்டே இருக்கும்.

20,000 கி.மீ. வரை ஆயிலை மாற்றாமல் ஓட்டுவது

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, தெரியும். இந்த எஞ்சினில் மொத்தமே நான்கு லிட்டருக்கும் குறைவான ஆயில். நான் 10,000 கி.மீ. தாண்ட விடுவதில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது இறக்குங்கள், பொறுமையாகக் கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள், சம்ப்பின் அடியில் அழுக்கு தங்கிப்போகும். டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும் காரில் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்றவேண்டும்.

பி0299 வந்ததும் டர்போ ஆர்டர் போடுவது

கார் கம்ப்யூட்டர் காட்டும் அந்தக் கோளாறு கோடு சொல்வது காற்றழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான். இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல், கிளிப் கழன்றது, வேக்குவம் குழாயில் ஓட்டை, சிக்கிக்கொண்ட வேன்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். முதலில் ஹோஸ்களை விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஆயில் ஈரம் இருந்தால் கிழிசல் பெரும்பாலும் அங்கேதான்.

டி.பி.எஃப். காரைப் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டுவது

குட்டி ஓட்டத்தில் ஃபில்டர் சூடேறிக் கரியை எரிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும். இந்தக் கார் உங்களுக்கு வேண்டாம். பெட்ரோல் கார் வாங்குங்கள்.

இ.ஜி.ஆர். வால்வின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது

எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு இது. பிடுங்கினால் கோளாறு மறையாது, விளக்குதான் எரியும். கழற்றிக் கழுவுங்கள். தடை இருக்கும் இடங்களில் தகடு வைத்து அடைத்தால் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

டைமிங் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்வது

பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றவேண்டும் என்பது பலருக்குத் தெரிகிறது. 16 வால்வு வகையில் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்டையும் இணைக்க உள்ளே ஒரு சின்னச் செயின் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆயிலைக் கவனிக்காத எஞ்சினில் அந்தச் செயினும் அதன் டென்ஷனரும் தேய்ந்து, ஸ்டார்ட் செய்ததும் மேலே சலசலக்கும். அது டேப்பெட் சத்தம் என்று விட்டுவிடுகிறார்கள். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அதன் பிறகு ஹெட்டைக் கழற்றவேண்டியதுதான்.

டீசல் ஃபில்டர் மாற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அரைப்பது

கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் இருக்கிறது, அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, காற்றை வைத்துச் சுற்றினால் உள்ளே உலோகத்தூள் கிளம்பும்.

காற்று எடுக்க ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்துவது

பழைய டீசல் எஞ்சின்களில் பழகியவர்கள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவார்கள். இதில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் எனும் குழாயின் அழுத்தம் 1600 பார் வரை போகும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே தெரியும் காயம் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்கும் நிலைகூட வரலாம். எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, பிறகு பைப்பில் கைவையுங்கள். கழற்றிய பைப்பையும் திரும்பப் போடாமல் புதிது வாங்கிவிடுங்கள்.